மார்ச் முப்பத்தோராம் திகதி

நம்மைத் தேடி வருகிறவர்கள் நம்மிடம் உள்ள ஏதோ ஒன்றுக்காக வருகிறார்களா, இல்லை, போவதற்கு வேறு இடம் இல்லாததால் வருகிறார்களா? தயாபரனின் வாழ்க்கையைச் சற்றுத் தள்ளி நின்று பார்க்கிற எவருக்கும் இந்தக் கேள்வி எழும். அவருக்கும் எழுந்தது. ஆனால் ஐம்பத்திரண்டு வயதில்தான் எழுந்தது. அந்த வயதில் ஒரு கேள்வி வந்தால், அதற்குப் பதில் தேடுவதை விட, அதைக் கேட்க வைத்த ஆளின் மேல் கோபப்படுவது மனிதருக்கு இலகுவாக இருக்கிறது.

வெள்ளவத்தையில், கடலை நோக்கி இறங்கும் ஒழுங்கை ஒன்றில், மூன்றாம் மாடியில் மனைவி யோகேஸ்வரியோடு அவர் குடியிருந்தார். காலை ஆறே முக்காலுக்குக் காலி வீதியில் பஸ் ஏறி, புறக்கோட்டையில் மாறி, கொட்டாஞ்சேனையில் இறங்குவார். அங்கே ஜம்பட்டா வீதிக்குப் பக்கத்தில், இரும்புச் சாமான் கடைக்கு மேலே, கிளைவ் என்பவர் நடத்தும் கிளியரிங் கந்தோர். துறைமுகத்துக்கு வரும் பெட்டிகளை வியாபாரிகளுக்காகச் சுங்கத்திலிருந்து விடுவித்துக் கொடுப்பது தொழில். கப்பல் எப்போது வருகிறது, எந்தப் பெட்டியை எப்போது எடுக்கலாம், சுங்கம் என்ன கேட்கிறது என்பதெல்லாம் மின்னஞ்சலில்தான் வரும். மின்னஞ்சல் ஒரு மணி நேரம் நின்றால் லொறிகள் நிற்கும், லொறிகள் நின்றால் கிளைவின் இரத்த அழுத்தம் ஏறும். அந்தக் கந்தோரில் பதினான்கு கணினிகள் இருந்தன.

தயாபரன் அங்கே சேர்ந்தது தொண்ணூற்றேழில், கடிதம் தட்டச்சு செய்ய. யாழ்ப்பாணத்தில் ஏ.எல். பரீட்சை எடுத்து, பல்கலைக்கழகத்துக்கு மூன்று புள்ளி போதாமல் நின்றவர். அந்த மூன்று புள்ளியை அவர் எங்கே போனாலும் சுமந்து திரிந்தார், யாரிடமும் சொல்லாமல். கந்தோருக்கு முதல் கணினி வந்த அன்று அட்டைப்பெட்டியைப் பிரித்து, வயர்களைக் கொழுவி, திரை வெளிச்சமானதும் கையைக் கட்டிக்கொண்டு பின்னால் நின்றவர் அவர்தான். அந்த ஒரு நாள் போதுமாக இருந்தது. ஒருவரும் அவரை நியமிக்கவில்லை. ஒரு கடிதமும் கொடுக்கவில்லை. ஆனால் பிரின்டர் சிக்கினாலும், திரை உறைந்தாலும், "தயாட்டக் கேளுங்க" என்பது கந்தோரின் பேச்சாயிற்று. சம்பளத்தை விட, பொங்கலுக்கு வரும் போனஸை விட, அந்த இரண்டு சொல்லில்தான் அவர் வாழ்ந்தார் என்று சொன்னால் அது பெரிய மிகையாகாது.

ஆறு வருடங்களுக்கு முன் கிளைவ், கந்தோர் மின்னஞ்சலை வேறொரு நிறுவனத்தின் சேர்வருக்கு மாற்றினார். மாற்றிய அன்று காலை பதினான்கு திரைகளிலும் ஒரே மாதிரியான சின்னப் பெட்டி ஒன்று எழுந்து நின்றது. நீங்கள் தொடர்பு கொள்ளும் சேர்வரின் பாதுகாப்புச் சான்றிதழைச் சரிபார்க்க முடியவில்லை, தொடர்ந்து பாவிக்க விருப்பமா என்று அது ஆங்கிலத்தில் கேட்டது. கீழே யெஸ், நோ என்று இரண்டு பொத்தான்கள். அவற்றுக்குச் சற்று மேலே, சான்றிதழைப் பார்ப்பதற்கென்று மூன்றாவது பொத்தான் ஒன்று.

தயாபரன் அன்று மத்தியானம் வரை சாப்பிடாமல் அந்தப் பெட்டிக்கு முன்னால் இருந்தார். நோ என்றால் கடிதங்கள் வரவில்லை. யெஸ் என்றால் வந்தன. பதினான்கு மேசைக்கும் நடந்து போய், "இது வந்தால் யெஸ் அமத்துங்கோ, பயப்பிட ஒண்டுமில்ல" என்று சொல்லிவிட்டு வந்தார். பெட்டி மறுநாளும் வந்தது, அதற்கு மறுநாளும் வந்தது. நாள்தோறும் வரும் எச்சரிக்கை நாளடைவில் எச்சரிக்கையாக இருப்பதை விட்டுவிடுகிறது. காலை வணக்கம் போல ஆகிவிடுகிறது. வந்ததும் அந்தோனியார் படத்து விளக்கைப் போடுவது, கணினியைப் போடுவது, யெஸ் அமத்துவது, பிளேன்டீ குடிப்பது என்று கந்தோரின் காலை ஒழுங்காயிற்று.

"நாங்க பிஸ்மி சொல்லித் தொடங்குவோம், நீங்க சாமியக் கும்பிட்டுத் தொடங்குவீங்க, மெஷினுக்குத் தயாட யெஸ்" என்பான் பௌஸி. துறைமுக வேலைகளைப் பார்க்கும் பௌஸி, தயாபரனோடு இருபது வருடப் பழக்கம். அவன் பகிடி சொல்லாத நாளில் சுகமில்லை என்று அர்த்தம்.

நாடு முழுவதும் மின்வெட்டு நடந்த அந்த வருடம் தயாபரனுக்கு மட்டும் நல்ல காலமாக இருந்தது. இப்படிச் சொல்வது அவருக்கு மரியாதை இல்லைதான், ஆனால் உண்மை. கந்தோரின் பழைய கணினிகளில், திகதியை ஞாபகம் வைத்திருக்கும் சின்னப் பற்றரி செத்துப்போயிருந்தது. மின்சாரம் போய் வந்தால் அவை இரண்டாயிரத்து ஒன்பதாம் ஆண்டில் விழித்தெழும். இன்னும் பிறக்காத ஒரு சான்றிதழை எப்படி நம்புவது என்று மின்னஞ்சல் கதவைச் சாத்திக்கொள்ளும். அதை அவர் தானாகவே கண்டுபிடித்தார். ஒரு நாளில் மூன்று தரம் மேசை மேசையாகப் போய்த் திகதியைத் திருத்துவார். "டொக்டர் ரவுண்ட்ஸ் வாறார்" என்று பௌஸி அறிவிப்பான். அவர் சிரிக்க மாட்டார், நடை மட்டும் கொஞ்சம் நிமிரும்.

நிரோஷா இந்த வருடம் ஏப்ரல் முதலாம் திகதி வந்து சேர்ந்தாள். தலவாக்கலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள், முப்பத்தாறு வயது, கணவனோடும் இரண்டு பிள்ளைகளோடும் ஹெந்தளையில் வாடகை வீடு. அதற்கு முன் ஒருகொடவத்தையில் ஒரு கண்டெய்னர் யார்டின் கந்தோரில் எட்டு வருடம் இருந்தவள். சுங்கப் பத்திரங்களைக் கணினியில் பதியத்தான் அவளை எடுத்தார்கள். முதல் நாள் அவள் "வணக்கங்க சேர்" என்றபோது, அந்த 'ங்க'வைக் கேட்டதும் தயாபரனின் மனதில் ஏதோ ஒன்று இளகி, மேலே ஏறி உட்கார்ந்துகொண்டது. தோட்டத்துப் பிள்ளை, பாவம், சொல்லிக் கொடுக்க வேண்டும் என்று நினைத்தார். நல்லெண்ணம் என்றுதான் அதற்குப் பெயர் வைத்திருந்தார்.

அவளுடைய திரையிலும் பெட்டி வந்தது. அவர் பக்கத்தில் போய் நின்றார்.

"இதுக்கு யெஸ் அமத்துங்கோ பிள்ளை."

"இது ஏன் சேர் வருது?"

"அது அப்பிடித்தான். ஆறு வருசமா வருது."

"என்னா சேர்ட்டிபிகேட்டுன்னு பாத்தீங்களா சேர்?"

அவள் குத்தலாகக் கேட்கவில்லை. தேத்தண்ணீர் கொதித்துவிட்டதா என்று கேட்பது போலத்தான் கேட்டாள். கேட்டுக்கொண்டே அந்த மூன்றாவது பொத்தானை அமத்தினாள். ஒரு பக்கம் திறந்தது. யாருக்கு வழங்கப்பட்டது, எப்போதிலிருந்து எப்போது வரை செல்லுபடியாகும் என்றெல்லாம் நாலைந்து வரிகள். ஆறு வருடம் அந்தப் பக்கம் ஒரு பொத்தானுக்குப் பின்னால் இருந்திருக்கிறது.

"இதுல நம்ம கந்தோர் பேரு இல்லீங்க சேர். நமக்கு சேர்வர் குடுத்திருக்காங்களே, அந்தக் கம்பனி பேருதான் இருக்கு." அதற்குள் பௌஸி நாற்காலியை உருட்டிக்கொண்டு வந்துவிட்டான். அவள் அவனுக்கு விளங்கப்படுத்தினாள். "ஒருத்தர் வீட்டுக்குப் போயி கதவத் தட்டுறோம்னு வையுங்க அண்ணே. அவரு ஐடென்டி கார்டக் காட்டுறாரு. ஆளு சரியான ஆளுதான். ஆனா நாம வேற பேரச் சொல்லிக் கூப்புடுறோம், கார்டுல வேற பேரு இருக்கு. அதுனாலதான் வாசல்ல நிக்கிறவன், ஏன்பா இது அவருதானான்னு தெனமும் கேக்குறான். கார்டுல இருக்குற பேரச் சொல்லியே கூப்புட்டா முடிஞ்சுரும்."

அவள் உடனே மாற்றவும் இல்லை. முதலில் அந்தக் கம்பனிக்குத் தொலைபேசி எடுத்து, இந்தப் பெயர் உங்களுடையதுதானா என்று சிங்களத்தில் கேட்டாள். அவர்கள் ஆம் என்ற பிறகுதான், செற்றிங்கில் இரண்டு இடத்தில் பெயரை மாற்றினாள். பெட்டி வரவில்லை. மூடித் திறந்தாள். அப்போதும் வரவில்லை.

"என்ன மச்சான்" என்று பௌஸி தயாபரனின் முதுகில் தட்டினான். "ஒங்கட யெஸ்ஸ தங்கச்சி மௌத்தாக்கிட்டா. இனிக் காலைல நாங்க என்னத்த அமத்துற?"

எல்லோரும் சிரித்தார்கள். தயாபரனும் சிரித்தார். அன்று பின்னேரத்துக்குள் இன்னும் பன்னிரண்டு கணினிகளில் நிரோஷா அந்தப் பெயரை மாற்றிவிட்டாள். பதினான்காவதை, அதாவது தன்னுடையதை, எல்லோரும் போன பிறகு அவரே மாற்றிக்கொண்டார். அவள் செய்ததை ஒரு துண்டுக் கடுதாசியில் களவாகக் குறித்து வைத்திருந்தார்.

மறுநாள் கந்தோர் அமைதியாக இருந்தது. அந்த அமைதி எல்லோருக்கும் வசதி, அவருக்கு மட்டும் அடி. ஒருவரும் அவரைக் கூப்பிடவில்லை. மேசைகளுக்கு நடுவே நடப்பதற்கு அவருக்குக் காரணம் இல்லாமல் போயிற்று. "நிரோஷா தங்கச்சி, இஞ்ச கொஞ்சம் வாங்களேன்" என்ற குரல் முதல் கிழமையில் நாலு தரம் கேட்டது, இரண்டாம் கிழமையில் பதினொரு தரம். அவர் எண்ணினார். எண்ணுவதாக அவர் ஒத்துக்கொள்ள மாட்டார்.

பொறாமை ஒரு விதத்தில் அன்பைப் போன்றது. தான் பிடித்த ஆளை அது கண் எடுக்காமல் படிக்கும். நிரோஷா பிளேன்டீக்குச் சீனி போடாமல், கையில் ஒரு துண்டு கருப்பட்டியை வைத்துக் கடித்துக்கொண்டு குடிப்பாள் என்பது தயாபரனுக்குத் தெரிந்திருந்தது. ஏதாவது பிசகினால் அவள் முதலில் கையை விசைப்பலகையிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொள்வாள், முழுவதையும் வாசித்து முடித்த பிறகுதான் கை திரும்ப மேலே வரும் என்பதும் தெரிந்திருந்தது. இதுதான் அவரை அதிகம் சுட்டது. அவளிடம் படிப்பு அதிகம் என்றால் தாங்கியிருப்பார்; மூன்று புள்ளியில் தவறிய மனிதருக்குப் படித்தவர்களிடம் தோற்றுப் பழக்கம். அவளும் ஏ.எல். தாண்டாதவள்தான். அவள் செய்தது இவ்வளவுதான்: எழுதியிருந்ததை வாசித்தாள். அதை அவரும் செய்திருக்கலாம், ஆறு வருடத்தில் எந்த ஒரு காலையிலும்.

வீட்டில் சாப்பாட்டு மேசையில் இதெல்லாம் வேறு உருவத்தில் வந்தது. இன்றைக்கு ஒரு பத்திரத்தில் எடையைப் பிழையாகப் பதிந்தாள், தமிழைக் கொச்சையாகக் கதைக்கிறாள், வாடிக்கையாளரோடு அளவுக்கு மிஞ்சிச் சிரிக்கிறாள் என்று.

யோகேஸ்வரி இடியப்பத்துக்குச் சொதியை ஊற்றிக்கொண்டே கேட்டார்: "அந்தப் பிள்ளை வடிவோ?"

தயாபரன் கையை நிறுத்தினார். "என்ன கதை கதைக்கிறீர்?"

"மூண்டு மாசமா இந்த வீட்டில வேற ஒருத்தற்ற பேரும் அடிபடேல்ல. அதுதான் கேட்டனான்."

"அவள் என்ர வேலையப் பறிக்கிறாள் எண்டு சொல்லுறன். நீர் வடிவைப் பற்றிக் கேக்கிறீர்."

"வடிவெண்டால் எனக்கு விளங்கியிருக்கும்" என்றார் யோகேஸ்வரி. "சாப்பிடுங்கோ, ஆறுது."

ஜூலையில் கிளைவ் எல்லோரையும் கூப்பிட்டு, கந்தோரின் பெரும் பகுதி ஒருகொடவத்தைக்குப் போகிறது என்றார். கண்டெய்னர் யார்டுகளுக்குப் பக்கத்தில் புதிய இடம், பதினொரு கணினிகள் அங்கே. மூன்று மட்டும் கொட்டாஞ்சேனையில், பழைய வாடிக்கையாளருக்காக. புதிய இடத்தில் கணினிகளுக்கும் மின்னஞ்சலுக்கும் பொறுப்பாக ஒருவர், எழுத்தில் நியமனத்தோடு. கண்ணாடி போட்ட ஒரு அறையும் அவருக்கு உண்டு.

"தயாவா, நிரோஷாவா எண்டு ஓகஸ்ட் முடியக்குள்ள பாத்துச் சொல்றேன்" என்றார் கிளைவ். லேசாகத்தான் சொன்னார். தயாபரனுக்கு அந்த இரண்டு பெயரும் ஒரே மூச்சில் வந்தது லேசாக இருக்கவில்லை. இருபத்தெட்டு வருடம் கடிதம் இல்லாமல் செய்த வேலைக்கு இப்போதுதான் கடிதம் வரப்போகிறது, அது இன்னொருத்தியின் பெயரில் வரக்கூடும். அன்றிலிருந்து அந்தக் கடிதத்தைத் தவிர அவருக்கு வேறு நினைப்பு இல்லை.

ஓகஸ்டில் ஒரு வெள்ளிக்கிழமை. பௌஸி ஜும்மாவுக்குப் போய்விட்டான். கிளைவ் ஒருகொடவத்தையில் கட்டட வேலையைப் பார்க்கப் போயிருந்தார். மற்றவர்கள் பின்பக்கத்து அறையில் சோற்றுப் பார்சலைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். நிரோஷாவின் குரலும் அங்கிருந்துதான் வந்தது. இரண்டரைக்கு ஒரு கப்பல் கம்பனியிலிருந்து முக்கியமான விடுவிப்புக் கடிதம் வரவேண்டும், அது நிரோஷாவின் கணினிக்குத்தான் வரும். தயாபரன் எழுந்து போய் அவளுடைய நாற்காலியில் உட்கார்ந்தார். கந்தோரின் எல்லாக் கடவுச்சொற்களும் அவர் வைத்தவை.

செய்தது சின்ன வேலை. திகதி தானாகத் திருந்துவதை நிறுத்தினார். சான்றிதழை மூன்று மாதத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கிறார்கள், இப்போதிருப்பது ஜூலை நடுப்பகுதியில் தொடங்கியது என்பதை அவர் முன்னரே பார்த்து வைத்திருந்தார். பார்க்கும் பொத்தான் எங்கே என்று இப்போது அவருக்குத் தெரியும். ஜூலைக்கு முந்திய எந்தத் திகதியும் போதும். நேரத்தை அவர் தொடவில்லை. மணி பிழைத்தால் உடனே கண்ணில் படும், திகதியை யாரும் பார்ப்பதில்லை. மாதத்தைப் பின்னால் தள்ளினார். ஜூன், மே, ஏப்ரல். விரல் மார்ச்சுக்குப் போய், முப்பத்தொன்றில் நின்றது. ஏன் அந்தத் திகதி என்று அவர் யோசிக்கவில்லை. கை போன இடம் அது.

தன் இடத்துக்கு வந்து உட்கார்ந்தார். வெட்கம் இருந்தது. ஆனால் அந்தோனியார் படத்து விளக்கைப் பார்த்தபோது அவர் நினைத்தது, இரண்டரைக்கு அவள் தடுமாறுவாள், கிளைவ் "தயாட்டக் கேளுங்க" என்பார் என்பதைத்தான்.

இரண்டு மணிக்கு எல்லோரும் திரும்பினார்கள். கிளைவும் வந்துவிட்டார். இரண்டரைக்கு ஐந்து நிமிடம் இருக்க நிரோஷா மின்னஞ்சலைத் திறந்தாள். பெட்டி எழுந்தது. பௌஸி பார்த்துவிட்டான்.

"மச்சான், ஒங்கட ஆள் உயிரோட எழும்பி வந்துட்டாரு."

கிளைவ் அறையிலிருந்து எட்டிப் பார்த்தார். "என்ன மேன் அது? கப்பல் லைன்காரன்ட மெயில் இப்ப வரணும்."

தயாபரன் எழும்பவில்லை. கூப்பிடட்டும் என்று இருந்தார். நிரோஷா கையை மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு அந்த மூன்றாவது பொத்தானை அமத்தி வாசித்தாள். அவளுடைய கண் திரையின் கீழ் மூலைக்குப் போனது. அங்கேயே நின்றது. பிறகு சுவர் மணிக்கூட்டைப் பார்த்தாள், திரும்பத் திரையின் மணியைப் பார்த்தாள். இரண்டும் நிமிடம் பிசகாமல் ஒன்றாக இருந்தன. பற்றரி செத்த கணினி மணியையும் மறக்கும், வருடத்தையும் மறக்கும். இது மணியையும் வருடத்தையும் பத்திரமாக வைத்துக்கொண்டு, சரியாக அவள் வேலைக்கு வந்ததற்கு முந்திய நாளில் நின்றது. கந்தோரில் எவ்வளவு பேர் அந்த நாளை நினைத்திருப்பார்கள் என்று அவள் எண்ணிப் பார்க்கத் தேவையில்லை. தலையைத் திருப்பவும் இல்லை. அவளுடைய கழுத்துப் பக்கத்தைத்தான் தயாபரன் பார்த்துக்கொண்டிருந்தார். அது சிவந்ததா, அப்படி அவருக்குத் தோன்றியதா என்று சொல்வதற்கில்லை.

"என்ன தங்கச்சி?" என்றான் பௌஸி.

"ஒண்ணுமில்லண்ணே. பற்றரி போயிருக்கு. திகதி மாறிருச்சு."

ஐந்து நிமிடத்தில் கடிதம் வந்தது.

"பற்றரியா? கரண்ட் போகவும் இல்லையே" என்றார் கிளைவ். பதிலுக்கு நிற்காமல், "ஹரி ஹரி, சரி தயா, திங்கக்கிழம வரக்குள்ள ஒண்டு வாங்கிட்டு வாங்க. அது ஒங்கட டிப்பாட்மென்ட்தானே" என்றுவிட்டுப் போனார்.

இப்படித்தான், ஒரு குறையும் இல்லாத கணினிக்குப் பற்றரி வாங்க வேண்டிய நிலை தயாபரனுக்கு வந்தது. சனிக்கிழமை வெள்ளவத்தைச் சந்தைக்குப் பக்கத்துக் கடையில் வாங்கினார். பத்து ரூபாய்க் குற்றி அளவில் ஒரு சின்ன வட்டம். கடைக்காரன் "பழசு கொண்டந்தீங்களா, அளவு பாக்க" என்று கேட்டபோது, அவர் காசை எண்ணி மேசையில் வைத்தார். ஞாயிறு முழுவதும் சேட்டுப் பையில் அது கிடந்தது. அவள் ஏன் சொல்லவில்லை என்பது விளங்கவில்லை. சொல்லியிருந்தால் மறுத்திருக்கலாம், சத்தம் போட்டிருக்கலாம், தன்னை அவமானப்படுத்திவிட்டாள் என்று ஒரு வருடம் மனதுக்குள் வழக்கு நடத்தியிருக்கலாம். அவள் அதற்கெல்லாம் இடம் வைக்கவில்லை. அவளுடைய மௌனம் கருணையா, கெட்டித்தனமா, இல்லை, ஒருகொடவத்தையில் எட்டு வருடம் ஆண்களுக்கு நடுவே வேலை பார்த்தவளின் பழக்கமா? மூன்றுமாக இருக்கலாம்.

திங்கட்கிழமை காலை அவர் ஸ்குரூ டிரைவரோடு அவளுடைய மேசைக்குப் போனார். அவள் நாற்காலியைப் பின்னுக்கு இழுத்து இடம் விட்டாள். அவர் கணினியின் பக்கத் தகட்டைக் கழற்றி, உள்ளே இருந்த பற்றரியை நெம்பி எடுத்து, புதியதை வைத்தார். ஒரு ஸ்குரூ கீழே விழுந்து உருண்டது. அவள் குனிந்து எடுத்துக் கொடுத்தாள்.

"பழசு நல்லாத்தான் இருக்கும் சேர்" என்றாள், பக்கத்து மேசைக்குக் கேட்காத குரலில். "வச்சுக்கங்க. வேற மெஷினுக்கு ஆகும்."

அவர் ஸ்குரூவை முறுக்கினார்.

"மார்ச் முப்பத்தொண்ணு நான் தலவாக்கலையில இருந்தேங்க சேர். அம்மாட்ட நாளைக்குப் புது எடத்துல சேர்றேன்னு சொன்னேன். அங்க உள்ள ஆளுங்க நல்ல மாதிரியான்னு கேட்டாங்க. போனாத்தான் தெரியும்னேன்."

அவர் தகட்டை மூடினார். "திகதியச் செற் பண்ணுங்கோ" என்றார். அவள் செய்தாள்.

மாத முடிவுக்கு இரண்டு நாள் இருக்க, கிளைவ் அவரைத் தன் அறைக்குக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். கிளைவ் யாரையும் அவ்வளவு இலேசில் உட்காரச் சொல்கிறவர் அல்ல. மேசையில் ஒரு கடிதம், கந்தோர் முத்திரையோடு. புதிய இடத்தின் பொறுப்பாளராகத் திரு. க. தயாபரன் என்று அதில் இருந்தது.

"உண்மையச் சொல்றேன் தயா, நான் அவவத்தான் நெனச்சேன். கூப்பிட்டுக் கேட்டேன். அவ என்ன சொல்றா தெரியுமா? தயா சேர்தான் வரணுமாம். எந்த வயர் எங்க போகுது, எந்த மெஷினுக்கு என்ன கோளாறு, எல்லாம் அவருக்குத்தான் தெரியும், அவரு இல்லாட்டி பதினொரு மெஷினும் சரிவராது எண்டு. அப்பிடிச் சொல்ற ஆள் எங்க மேன் கிடைக்கும்?" கிளைவ் பேனையை நீட்டினார். "வாசிச்சுட்டு, கீழ சைன் பண்ணிட்டுத் தாங்க. அவசரமில்ல, நாளைக்குத் தந்தாலும் சரி."

தயாபரன் கடிதத்தை வீட்டுக்குக் கொண்டுபோனார். யோகேஸ்வரி கண்ணாடியைப் போட்டு இரண்டு தரம் வாசித்தார், சாமிப் படத்துக்கு முன் வைத்து எடுத்தார். "கடைசியா எண்டாலும் ஒரு கடுதாசி தந்தாங்கள்" என்றார். பிறகு, "அந்தப் பிள்ளை என்ன சொன்னவள்?" என்று கேட்டார்.

"அவள்தான் எனக்குத் தரச் சொன்னவளாம்."

"நல்ல பிள்ளை போல."

"ஓம்" என்றார் தயாபரன். அதுவரை நிரோஷாவைப் பற்றி அவர் வாயிலிருந்து வந்த ஒரே நல்ல சொல் அதுதான், அதுவும் மற்றவர் சொன்னதற்கு ஆமாம் போட்டது. அன்று மாலை மொட்டைமாடிக்குப் போய், கடல் பக்கம் பார்த்துக்கொண்டு நெடுநேரம் நின்றார். இருபத்தெட்டு வருடமாக அவர் வேண்டி நின்றது இப்போது கையில் இருந்தது. தோற்கடித்தவர்களை மனிதர்கள் மன்னித்துவிடுவதுண்டு. தங்களுக்கு விட்டுக் கொடுத்தவர்களை மன்னிப்பது அதை விடக் கடினம். அவர் இப்படி நினைத்தாரா என்பது தெரியாது.

மறுநாள் காலை அவர் கிளைவின் அறைக்குப் போய்க் கடிதத்தை மேசையில் வைத்தார். தன்னுடைய பெயரை நீல மையால் ஒரே கோட்டில் வெட்டியிருந்தார், தட்டச்சாளருக்கே உரிய நேர்த்தியோடு. கையெழுத்து இடவில்லை. வெட்டிய பெயருக்கு மேலே வேறு பெயர் எதுவும் எழுதவும் இல்லை.

கிளைவ் கடிதத்தையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். "இது என்ன மேன்?"

"நான் இஞ்சயே நிக்கிறன் சேர். மூண்டு மெஷினோட."

"ஏன்? சம்பளம் காணாதா? பஸ் தூரமா?"

"இல்ல சேர்."

"அப்ப அங்க யாரப் போடுற? நீங்களே சொல்லுங்களேன்."

தயாபரன் கடிதத்தை அவர் பக்கம் தள்ளிவிட்டுத் தன் மேசைக்குப் போனார். நிரோஷாவின் பெயரைக் கிளைவே பிறகு எழுத வேண்டியதாயிற்று. ஒருகொடவத்தைக்குச் சாமான் ஏற்றிய அன்று பௌஸி லொறிக்குப் பக்கத்தில் வைத்து ஏன் என்று கேட்டான், யோகேஸ்வரி வீட்டில் பல மாதம் கேட்டார். நிரோஷா மட்டும் கேட்கவில்லை. போகும்போது "வர்றேங்க சேர்" என்றாள், அவர் தலையை அசைத்தார். கேட்டவர் ஒருவருக்கும் அவர் காரணம் சொல்லவில்லை.